குட்டிக் கணிப்பொறி கற்பித்த பாடம்

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

விஞ்ஞானம் மனித வாழ்வையே மாற்றிவிட்டது என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்த விஞ்ஞானம் நம் வீட்டு மாடிப்படி ஏறித் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்குமா? பார்க்கும் என்று நம்பி நானே முயன்றேன், ஒருமுறை தோற்றேன், பிறகு வென்றேன். வென்றதைக் காட்டிலும் தோற்றதில்தான் அதிகம் கற்றேன். ஆகவே எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஆழ்குழாய்க் கிணறும், மொட்டை மாடியில் 1000 லிட்டர் தொட்டியும் உண்டு. தொட்டி நிரம்பிற்றா என்று பார்க்க அம்மா நாள்தோறும் 22 படிகள் ஏறி இறங்குவார். அவருக்கோ முழங்கால் வலி. "அம்மா, இனி நீங்கள் ஏற வேண்டாம், நான் ஒரு தானியங்கி செய்து தருகிறேன்" என்று ஒருநாள் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கணிப்பொறியின் பெயர்

நான் எடுத்துக்கொண்ட கருவியின் பெயர் ராஸ்பெரி பை. பெயரைக் கேட்டு நாவூற வேண்டாம். இது தின்பண்டம் அன்று. 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பலகை. அதுவே முழுக் கணிப்பொறி. மாணவர்கள் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்னும் நோக்கத்துடன் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஈபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் இதை உருவாக்கினர். 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த முதற் பலகையின் விலை 35 டாலர். கணிப்பொறிக்குப் பழத்தின் பெயரை இடுவது அத்துறையின் பழைய வழக்கம். 'பை' என்பது பைத்தான் என்னும் நிரல்மொழியை நினைவூட்டுவது.

வீட்டு வேலையைக் கருவியிடம் ஒப்படைக்கும் எண்ணம் புதியதன்று. 1966ஆம் ஆண்டிலேயே ஜிம் சதர்லாந்து என்னும் அமெரிக்கப் பொறியாளர் 'எக்கோ ஃபோர்' என்ற கணிப்பொறியைத் தம் வீட்டிலேயே கட்டினார். 1975இல் ஸ்காட்லாந்தில் உருவான 'எக்ஸ்-10' முறை, வீட்டு மின்கம்பியின் வழியாகவே விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பியது. அன்று பொறியாளர்கள் மட்டுமே செய்ய முடிந்ததை இன்று ஒரு கல்லூரி மாணவனும் செய்து பார்க்கலாம்.

எதிரொலியால் அளத்தல்

இன்றைய ராஸ்பெரி பை பலகையின் ஓரத்தில் 40 பின்கள் உள்ளன. அவற்றுட் சில வெளியுலகை அறியும் புலன்கள். கட்டளையிடும் கைகளும் அவையே. தொட்டியின் மூடிக்கு அடியில் மீயொலி உணரி ஒன்றைப் பொருத்தினேன். அது 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும். ஒலி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும். சென்று திரும்பிய நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பது தெரியும். வௌவால் செய்யும் கணக்கும் இதுவே.

இங்கே நம் பாடப்புத்தகம் கைகொடுத்தது. 20 டிகிரி வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். ஆனால் சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தொட்டிக்குள் 20 டிகிரி ஏது? 35 டிகிரியில் வேகம் ஏறக்குறைய 352 மீட்டர். இதைத் திருத்தாவிட்டால் ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் பிழை வரும்.

மற்றொன்றும் கவனிக்க வேண்டும். உணரி தரும் சைகை 5 வோல்ட். பலகையின் பின் தாங்குவதோ 3.3 வோல்ட். எனவே 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்து, மூன்றில் இரண்டு பங்கு மின்னழுத்தத்தை மட்டும் பின்னுக்கு அளித்தேன். ஆய்வகத்தில் மதிப்பெண்ணுக்காகச் செய்த மின்னழுத்தப் பகுப்பு என் வீட்டில் பயன்பட்டபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

மோட்டாரை இயக்க ஒரு ரிலே. அது மோட்டாரின் முழு மின்னோட்டத்தையும் தாங்காது. ஸ்டார்ட்டர் பெட்டியிலுள்ள காண்டாக்டரை மட்டும் இயக்கும். 230 வோல்ட் வேலையை நான் தொடவில்லை. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் மாமாவை அழைத்துச் செய்வித்தேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

தோல்வி

தொட்டி குறைந்தால் மோட்டார் தானே ஓடியது. நிரம்பினால் தானே நின்றது. இரண்டு மாதம் வீட்டில் எனக்கு விஞ்ஞானி என்றே பெயர்!

சென்ற கோடையில் ஒருநாள் குடும்பத்தோடு ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்தோம். மாலையில் திரும்பியபோது மாடியிலிருந்து நீர் வழிந்து முற்றமெல்லாம் ஈரம். ஆனால் மோட்டாரில் தண்ணீர் வரவில்லை. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்துள்ள நீரே. மணிக்கணக்கில் ஓடி, குழாய்க் கிணற்று நீர் இறங்கி, வெறுமனே சுழன்று காயில் கருகியிருந்தது. குழாய்களை மேலே தூக்கி, காயில் கட்டி, மீண்டும் இறக்க அப்பாவின் அரை மாதச் சம்பளம் போயிற்று. நான்கு நாட்கள் அம்மா தெருக்குழாயிலிருந்து குடத்தில் நீர் சுமந்தார். என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் மிகவும் சுட்டது.

நடந்தது என்ன? தொட்டிக்குள் எழுந்த நீராவி உணரியின் மேல் துளியாய்ப் படிந்தது. எதிரொலி திரும்பவில்லை. என் நிரலில் 'எதிரொலி வரும்வரை காத்திரு' என்று எழுதியிருந்தேன். அது காத்திருந்தது. மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. காத்திரு என்று சொன்னவன் நான். எவ்வளவு நேரம் என்று சொல்லாதவனும் நான்.

எலக்ட்ரீஷியன் மாமா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, உன் பெட்டி மோட்டாரை நிறுத்தும், சரி. உன் பெட்டியே மயங்கிப் போனால் மோட்டாரை யார் நிறுத்துவது?"

நான்கு பூட்டுகள்

அந்தக் கேள்விக்கு விடையாக இரண்டாம் முறை நான்கு பூட்டுகள் போட்டேன்.

முதலாவது, காத்திருப்புக்கு எல்லை. ஒரு மீட்டர் ஆழத்திற்கு ஒலி சென்று திரும்ப ஏறக்குறைய 6 மில்லி நொடி போதும். 30 மில்லி நொடிக்குள் எதிரொலி வராவிட்டால் அது பிழை. தொடர்ந்து மூன்று பிழை நேர்ந்தால் மோட்டார் நிற்கும். நீர் புகாத உணரியையும் மாற்றினேன். அதற்கு மிக அருகிலுள்ள பொருள் தெரியாது என்பதால், நிறைந்த நீர்மட்டத்திற்கு மேல் 25 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி விட்டுப் பொருத்தினேன்.

இரண்டாவது, ஓட்டத்திற்கு எல்லை. எங்கள் தொட்டி நிரம்ப 25 நிமிடம் ஆகும். உணரி என்ன சொன்னாலும் 40 நிமிடத்திற்கு மேல் மோட்டார் ஓடாது.

மூன்றாவது, காவற்கடிகாரம். ராஸ்பெரி பையின் உள்ளேயே இது உண்டு. நிரல் சில நொடிகளுக்கு ஒருமுறை 'நலமாயிருக்கிறேன்' என்று அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் அது கணிப்பொறியையே மறுபடி தொடங்கிவிடும். அவ்வாறு தொடங்கும்போதும், மின்வெட்டின்போதும் ரிலே திறந்த நிலையில் இருக்குமாறு இணைத்தேன். மோட்டாருக்குப் பதில் ஒரு விளக்கை இணைத்துப் பலமுறை சோதித்த பிறகே மோட்டாரை இணைத்தோம்.

நான்காவது, கணிப்பொறியையே நம்பாத பூட்டு. தொட்டியில் ஒரு மிதவை சுவிட்சு. நீர் உச்சியைத் தொட்டால் அதுவே காண்டாக்டரின் இணைப்பை அறுக்கும். ஸ்டார்ட்டரில் ஒரு பாதுகாப்பு ரிலே. நீரின்றிச் சுழலும் மோட்டாருக்குச் சுமை குறையும், மின்னோட்டமும் குறையும். அதைக் கண்டு அது நிறுத்திவிடும். கையால் இயக்கும் சுவிட்சும் உண்டு. அது கணிப்பொறியை மட்டுமே விலக்கும்; இவ்விரு காவலர்களை விலக்காது.

முடிவுரை

இதே பலகையைக் கொண்டு வாசல் விளக்கை ஏற்றலாம். கதவு திறந்திருப்பதை அறியலாம். அறையின் வெப்பத்தைக் குறித்துவைக்கலாம். இவற்றையெல்லாம் ஒன்றிணைக்க 2013இல் தொடங்கப்பெற்ற 'ஹோம் அசிஸ்டன்ட்' என்னும் இலவச மென்பொருளும் உண்டு. முயன்று பாருங்கள். ஆனால் மாணவ நண்பர்களே, 'இது எப்படி வேலை செய்யும்?' என்று கேட்பதற்கு முன் 'இது தவறினால் என்ன நேரும்?' என்று கேளுங்கள். விளக்கு எரியாமற் போனால் இருட்டு மட்டுமே. மோட்டார் நிற்காமற் போனால் ஒரு குடும்பமே குடம் சுமக்கும். எந்த வேலையைக் கருவியிடம் ஒப்படைக்கிறோமோ, அதன் தவற்றுக்கும் நாமே பொறுப்பு.

இந்தக் கோடையில் தானியங்கி தடையின்றி உழைத்தது. அம்மா இப்போதும் எப்போதாவது மாடிப்படி ஏறுகிறார். தொட்டியைப் பார்க்க அன்று, வடகம் காயப்போட. திரும்பும்போது மட்டும் தொட்டியை ஒரு தட்டுத் தட்டி ஒலியைக் கேட்டுவிட்டே இறங்குகிறார். ஐந்தாவது பூட்டாக அதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.