மின்னஞ்சலும் ஒரு மடலே

கடந்த ஆண்டு எங்கள் வணிகவியல் வகுப்பு, தொழிற்கூடம் ஒன்றைப் பார்வையிட அனுமதி கேட்டு ஒரு நிறுவனத்திற்கு மின்னஞ்சல் அனுப்பியது. ஒரு வாரம் காத்திருந்தோம், பதில் இல்லை. "பெரிய இடம், நம்மை எங்கே மதிக்கப் போகிறார்கள்!" என்று நொந்துகொண்டோம். எங்கள் வகுப்பாசிரியையான சிஸ்டர், அனுப்பியதை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். படிக்கப் படிக்க எங்கள் முகம் வாடியது. பொருள் என்ற இடம் வெறுமையாக இருந்தது. எந்தப் பள்ளி, எத்தனை பேர், எந்த நாள் என்ற செய்தி எதுவும் இல்லை. "இணைத்துள்ளோம்" என்று எழுதியிருந்த தலைமையாசிரியையின் கடிதமும் இணைக்கப்படவில்லை. குற்றம் எங்களுடையதே. திருத்தி எழுதி அனுப்பினோம். மறுநாளே அனுமதி வந்தது. அன்று கற்றதை நம் பள்ளி மாணவியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1971ஆம் ஆண்டு, ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பின் வழியாக ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு முதன்முதலாக மின்னஞ்சல் அனுப்பினார். ஆளின் பெயரையும் கணிப்பொறியின் பெயரையும் பிரித்துக் காட்ட, இன்றும் நாம் பயன்படுத்தும் 'அட்' குறியைத் தேர்ந்தவரும் அவரே. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய வசதி 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. ஆயினும், வழிதான் புதிது, மடல் பழையது. தூய பவுல் உரோமையருக்கு எழுதிய மடலைப் பாருங்கள். எழுதுபவர் யார், யாருக்கு எழுதுகிறார் என்பது முதலில் வருகிறது. பின்பு வாழ்த்து, அதன்பின் செய்தி, இறுதியில் மீண்டும் வாழ்த்து. தமிழ்ப் பாடத்தில் நாம் பயிலும் அனுப்புநர், பெறுநர், பொருள், விளி, முடிப்பு என்னும் முறையும் ஏறக்குறைய இதுவே. அலுவலக மின்னஞ்சலுக்கும் இம்முறையே அடிப்படை.

முதலாவது, முகவரி. விளையாட்டுப் பெயரில் அமைத்த மின்னஞ்சல் முகவரி தோழியருக்குப் பொருந்தும். கல்லூரிக்கும் அலுவலகத்திற்கும் பொருந்தாது. நம் சொந்தப் பெயரிலேயே ஒன்று வைத்துக்கொள்வோம். யார் பதில் தர வேண்டுமோ அவருக்குப் 'பெறுநர்' இடம். செய்தியை அறிந்திருந்தால் போதும் என்பவருக்கு 'நகல்' இடம். ஆங்கிலத்தில் இதனைச் 'சி.சி.' என்பது, தட்டச்சுப் பொறியில் கரித்தாள் வைத்துப் படி எடுத்த காலத்தின் நினைவாகும். ஒருவரையொருவர் அறியாத பலருக்கு ஒரே செய்தியை அனுப்பும்போது, 'பி.சி.சி.' என்னும் மறைநகல் இடத்தில் முகவரிகளை இட வேண்டும். இல்லையேல் ஒவ்வொருவருடைய முகவரியும் மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, பொருள். "வணக்கம்", "அவசரம்" என்பவை பொருள் ஆகா. "தொழிற்கூடப் பார்வைக்கு அனுமதி வேண்டுதல் – 12ஆம் வகுப்பு மாணவியர் 38 பேர் – சனவரி 23" என்று எழுதினால், திறந்து பார்க்கும் முன்பே செய்தி விளங்கும். பின்னாளில் தேடி எடுப்பதும் எளிது.

மூன்றாவது, செய்தி. நாம் யார், நமக்கு என்ன வேண்டும் என்பதை முதல் இரண்டு வரிகளிலேயே சொல்வோம். ஒரு மடலுக்கு ஒரு செய்தி போதும். கேள்விகள் பல இருந்தால் எண்ணிட்டு எழுதுவோம். பதில் தருபவரும் எண்ணிட்டே தருவார். எந்த நாளுக்குள் பதில் தேவை என்பதைப் பணிவாகக் குறிப்பிடுவோம். இறுதியில் பெயர், வகுப்பு, பள்ளி ஆகியவற்றோடு தொலைபேசி எண்ணும் வேண்டும். மாணவியர் தம் சொந்த எண்ணைத் தராமல் பள்ளியின் எண்ணைத் தருவதே நல்லது என்பது சிஸ்டர் சொன்ன அறிவுரை.

நான்காவது, இணைப்பு. கோப்பை முதலில் இணைத்துவிட்டுப் பிறகு எழுதத் தொடங்கினால் மறதிக்கு இடமில்லை. ஜிமெயிலில் இணைப்புகளின் அளவு 25 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது. கோப்புக்கும் 'புதியது 1' என்று பெயரிடாமல், 'அனுமதிக் கடிதம்' என்று பொருள் விளங்கப் பெயரிடுவோம்.

ஐந்தாவது, பதில். 'அனைவருக்கும் பதில்' என்ற பொத்தானை அழுத்துமுன், அனைவருக்கும் அது தேவைதானா என்று எண்ணிப் பார்ப்போம். சினத்தோடு எழுதியதை அன்றே அனுப்பாமல் மறுநாள் காலை படித்துப் பார்ப்போம். பெறுநர் முகவரியைக் கடைசியாக நிரப்பினால், பாதி எழுதிய மடல் தவறிப் போகாது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்கும் சட்ட ஏற்பு அளிக்கிறது. ஆகவே நாம் தட்டெழுதும் சொல்லும் ஆவணமாகலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதிய கணக்கில் செலுத்துங்கள்" என்று, பழகிய கடைக்காரரின் பெயரிலேயே மின்னஞ்சல் வரலாம். அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அம்மடலில் உள்ள எண்ணை விட்டு, முன்பே நீங்கள் அறிந்த எண்ணில் அழைத்துக் கேளுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால், தாமதமின்றி 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

அன்புத் தோழியரே! பள்ளியை விட்டுச் செல்லும் நாளில் கல்லூரிச் சேர்க்கைக்கும், உதவித்தொகைக்கும், வேலைக்கும் நாம் எழுதத்தான் போகிறோம். அங்கே நம் முகத்தை யாரும் காணார். நம் எழுத்தையே காண்பர். அதைப் படிப்பவரும் பல மடல்களுக்கிடையே களைத்திருக்கும் ஒரு மனிதரே. அவர் தேடித் தவிக்காதபடி தெளிவாகவும் பணிவாகவும் எழுதுவது பிறரன்புப் பணிகளுள் ஒன்று. இனி அனுப்புமுன் ஒரு முறை உரக்கப் படித்துப் பார்ப்போமா?