கவிழ்ந்த டிராக்டரை மீட்பது எப்படி?

சொந்த டிராக்டர் இல்லாத சிறு விவசாயிகளும் இன்று வாடகை டிராக்டர் கொண்டு உழவு செய்கின்றனர். மேட்டாங்காடு, ஓடைக்கரை, கிணற்று மேடு என எல்லா இடங்களுக்கும் டிராக்டர் செல்கிறது. சில வேளைகளில் கவிழ்ந்தும் விடுகிறது. ஊரை விட்டு ஒதுங்கிய காட்டில் இது நேர்ந்தால், முதலில் ஓடி வருபவர்கள் பக்கத்துக் காட்டு உழவர்களே. அப்போது எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றுக்கு மண் மாதிரி எடுக்கச் சென்றிருந்தேன். அந்தி நேரம். வரப்போரம் திருப்பிய டிராக்டர் ஓடைச் சரிவில் பக்கவாட்டில் சாய்ந்தது. ஓட்டியவர் மறுபுறம் விழுந்து தப்பினார். இருட்டுவதற்குள் தூக்கிவிட வேண்டும் என்று வேறொரு டிராக்டரைக் கொண்டு வந்தார்கள். அதன் பின்புறம் உயரத்தில் இருந்த கொண்டியில் சங்கிலியை மாட்டி இழுத்ததும், இழுத்த வண்டியின் முன் சக்கரங்கள் மேலே எழும்பின. ஓட்டியவர் சட்டென்று கிளட்சை மிதித்ததால் பிழைத்தார். பிறகு சங்கிலியைத் தாழ்வாக மாட்டி நிமிர்த்தினார்கள். நிமிர்த்திய கையோடு சாவியைத் திருகினார்கள். பெரிய ஓசையுடன் என்ஜின் நின்றது. கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. கவிழ்ந்ததால் ஏற்பட்ட சேதம் ஒரு மட்கார்டு மட்டுமே. மற்ற இரண்டும் அவசரத்தால் வந்தவை. அன்று அங்கே நின்ற எனக்கும் இவை தெரிந்திருக்கவில்லை. பின்னர் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றையே இங்கே கூறுகிறேன்.

முதலில் மனிதர், பிறகே வண்டி

1. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தவும். பீடி, தீக்குச்சி எதுவும் அருகில் வரக் கூடாது. டீசல் கசிந்திருக்கும்.

2. 108 எண்ணுக்குத் தகவல் தரவும். கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடமானால், ஒருவரை இருசக்கர வண்டியில் மேட்டுக்கோ பெரிய சாலைக்கோ அனுப்பவும். அவரே அங்கு நின்று ஆம்புலன்சுக்கு வழிகாட்ட வேண்டும்.

3. அடியில் யாரேனும் சிக்கியிருந்தால், கயிறு கட்டி வண்டியை இழுக்க முயலாதீர்கள். ஏறக்குறைய 2 டன் எடையுள்ள இயந்திரம் சிறிது நழுவினாலும் உயிருக்கு ஆபத்து. முதலில் கல், மரக்கட்டை கொண்டு வண்டி அசையாதபடி முட்டுக் கொடுக்கவும். உழுத மண்ணாக இருந்தால் வண்டியைத் தூக்குவதைவிட, அவருக்கு அடியில் உள்ள மண்ணைத் தோண்டி இடம் உண்டாக்குவதே எளிது.

4. இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்கவும். கழுத்தையும் முதுகையும் வளைக்காமல், பலகை அல்லது கட்டிலில் வைத்துத் தூக்கவும். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம். எத்தனை மணிக்குச் சிக்கினார் என்பதைக் குறித்து வைத்து மருத்துவக் குழுவினரிடம் சொல்லவும். தொடையோ காலோ நெடுநேரம் நசுங்கிக் கிடந்தால், பாரத்தை எடுத்தவுடன் உடல்நிலை திடீரென மோசமாகலாம்.

எல்லோரும் பத்திரமாக வெளியேறிய பின்னரே வண்டியைப் பற்றி நினைக்க வேண்டும். இருட்டிவிட்டால் காலை வரை அப்படியே விடவும். இரவில் கிடப்பதால் டிராக்டர் கெட்டுப் போவதில்லை.

நிமிர்த்துவதற்கு முன்

பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றவும். பேட்டரி அமிலம் கையிலோ கண்ணிலோ பட்டால் நிறைய நீர் விட்டுக் கழுவவும். பின்னால் கலப்பையோ டிரெய்லரோ இருந்தால், பாரம் தாங்காத நிலையில் மட்டும் கழற்றவும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போடவும்.

சக்கரம் மேலே பார்க்க முழுவதும் தலைகீழாகக் கவிழ்ந்த வண்டியையும், கிணற்று விளிம்பில் தொங்கும் வண்டியையும் உழவர்கள் தாமே தூக்க முயலக் கூடாது. இவற்றுக்கு கிரேன் அல்லது ஜே.சி.பி. இயந்திரமும், அனுபவமுள்ள ஓட்டுநரும் தேவை.

பக்கவாட்டில் சாய்ந்த வண்டியை நிமிர்த்தும் முறை

1. இழுக்கும் டிராக்டர், கவிழ்ந்த டிராக்டருக்குச் சமமான அல்லது கூடுதலான எடை உடையதாக இருக்க வேண்டும். சமதளத்தில் உறுதியான மண்ணில் நிற்க வேண்டும்.

2. இழுக்கும் வண்டியில் சங்கிலியைத் தாழ்வாக உள்ள இழுவைச் சட்டத்தில் மட்டுமே மாட்டவும். உயரத்தில் உள்ள கொண்டியிலோ பின் அச்சிலோ மாட்டினால், அந்த வண்டியே பின்புறமாகக் கவிழும். முன் சக்கரம் தரையை விட்டு எழும்பினால், முக்கால் வினாடியில் அது மீள முடியாத நிலையை அடையும்; ஒன்றரை வினாடியில் தலைகீழாகும்.

3. கவிழ்ந்த வண்டியில், மேற்புறமாக இருக்கும் பின் அச்சுக் கூட்டில் சங்கிலியைக் கட்டவும். ஸ்டியரிங், மட்கார்டு, இருக்கை ஆகியவற்றில் கட்டக் கூடாது. வண்டியின் அடிப்பாகம் எந்தத் திசையை நோக்கி உள்ளதோ, அந்தத் திசையில் இழுக்க வேண்டும்.

4. தரையைத் தொடும் சக்கரங்கள் இழுக்கும் பக்கம் வழுக்காதவாறு, அவற்றின் முன் சிறு பள்ளம் வெட்டிக் கட்டை பதிக்கவும்.

5. அதே மேல் அச்சில் எதிர்த்திசையில் மற்றொரு கயிறு கட்டி, உறுதியான மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிக்கவும். வண்டி பாதி நிமிர்ந்த பின் தன் எடையாலேயே வேகமாக விழும். அந்த வேகத்தை இக்கயிறு தடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி விடவும்.

6. தேங்காய் நார்க் கயிறும், மெல்லிய நைலான் கயிறும் உதவா. நைலான் நீண்டு அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். இரும்பு வடமானால் நடுவில் ஈரச் சாக்குகளைப் போடவும். வடத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. எதிர்க் கயிற்றைப் பிடிப்பவர் மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். குழந்தைகளை அப்புறப்படுத்தவும்.

7. முதல் கியரில், கிளட்சை மெல்ல விட்டு இழுக்கவும். வெட்டி இழுக்கக் கூடாது. ஒருவர் மட்டுமே சைகை காட்ட வேண்டும்.

நிமிர்ந்தவுடன் சாவியைத் தொடாதீர்கள்

சாய்ந்து கிடக்கும்போது என்ஜின் எண்ணெய் சிலிண்டருக்குள் புகுந்துவிடும். எண்ணெய் அமுங்காது. அந்நிலையில் என்ஜினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும் அல்லது உடையும்.

எனவே, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, வண்டியைச் சில மணி நேரம் அப்படியே நிற்க விடவும். பிறகு மெக்கானிக்கைக் கொண்டு இன்ஜெக்டர்களைக் கழற்றி, என்ஜினை மெதுவாகச் சுழற்றி, புகுந்த எண்ணெயை வெளியேற்ற வேண்டும். முகத்தை அந்தத் துளைகளுக்கு நேரே காட்டாதீர்கள். ஏர் கிளீனரையும் சுத்தம் செய்யவும். அதிலுள்ள எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் சென்றிருந்தால், என்ஜின் கட்டுப்பாடின்றி ஓடக்கூடும். என்ஜின் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, ரேடியேட்டர் நீர், ஹைட்ராலிக் எண்ணெய், பேட்டரி, பிரேக், ஸ்டியரிங், சக்கர நட்டுகள் ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே ஓட்டவும்.

கவிழாமல் காக்க

வாய்க்கால் அல்லது ஓடை எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் கரையிலிருந்து விலகி ஓட்டவும். சேற்றில் சிக்கிய பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னோக்கி ஏற்ற வேண்டாம். சக்கரம் சுழலாமல் வண்டியே பின்புறம் எழும்பிக் கவிழும். பின்னோக்கி எடுக்கவும் அல்லது வேறு வண்டியால் இழுக்கவும். சாலையில் இரு பிரேக் மிதிகளையும் இணைத்தே ஓட்டவும்.

வாங்கும்போதே உருளாப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் உள்ள வண்டியைக் கேட்டு வாங்கவும். சுவீடன் நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே புது டிராக்டர்களுக்கு இச்சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின் அங்கே கவிழ்ந்து இறப்போர் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. சட்டம் உள்ள வண்டியில் பட்டையை அணியவும். சட்டம் இல்லாத வண்டியில் பட்டை அணியக் கூடாது.

உழவு ஒரு நாள் தள்ளிப் போனால் மறுநாள் ஈடு செய்து கொள்ளலாம். வளைந்த ராடைப் பணம் கொடுத்து மாற்றலாம். உயிருக்கு மாற்று இல்லை. ஆகவே, உழவர் பெருமக்கள் வண்டி கவிழ்ந்த இடத்தில் அவசரத்தை விட்டு நிதானத்தைக் கைக்கொண்டு, உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள வேண்டுகிறோம்.