தொழில் திட்டங்களும் தொழிலதிபர்களின் மேற்பார்வையும்

ஒரு வட்டாரத்தில் இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை கிட்டும் என்று ஒரு திட்டம் அறிவிக்கப்படுகிறது. அது சொன்னபடி நடந்ததா என்று கண்காணிக்க வேண்டியவர் யார்? தொழில் நடத்துவோரே அதற்குத் தக்கவர் என்பர் ஒரு சாரார். அவர்களை அண்ட விடலாகாது என்பர் மற்றொரு சாரார். தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் இன்று தொழிற்பேட்டைகளில் வேலை தேடுகின்றனர். ஆதலின் இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. தூத்துக்குடியின் அனுபவத்தைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

1906ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தூத்துக்குடியில் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும், வ. உ. சிதம்பரம் பிள்ளை உதவிச் செயலாளராகவும் இருந்தனர். கொழும்புக்குக் கப்பல் விடுவதுடன் அக்கம்பெனியின் நோக்கம் முடியவில்லை. நம்மவருக்குக் கப்பல் செலுத்தவும் கப்பல் கட்டவும் கற்பிப்பதும் அதன் நோக்கங்களுள் அடங்கியிருந்தது. அதே காலத்தில் தர்ம சங்க நெசவுச் சாலை ஒன்றையும் வ.உ.சி. நிறுவினார் என்பதை நெசவாளர்கள் நினைவிற் கொள்ளலாம்.

வேலை தருவதற்கு முன் எந்தத் தொழிலறிவு வேண்டும் என்பதை அவர்கள் எண்ணினார்கள். இதுவே வணிகரால் விளையும் பெரும் பயன். எந்தச் சரக்குக்குக் கிராக்கி உண்டு, எந்த யந்திரத்திற்கு எத்தகைய ஆள் தேவை என்பதைக் காகிதத்தில் திட்டம் தீட்டும் உத்தியோகஸ்தரைவிடத் தொழில் நடத்துபவர் நன்கறிவார். (உத்தியோகஸ்தனாகிய நான் இதனை ஒப்புக்கொள்வதில் தயக்கமில்லை.) போட்டியிட்ட பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; இலவசப் பயணத்தோடு குடையும் கொடுத்தது என்பர். 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது.

அதே ஊரில் வேறொரு பாடமும் உண்டு. ஹார்வி நிர்வாகத்திலிருந்த கோரல் மில் பலருக்கு வேலை கொடுத்தது என்பதில் ஐயமில்லை. எண்ணிக்கை ஒன்றையே நோக்கினால் அது வெற்றிதான். ஆயினும் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்த தொழிலாளர், வார விடுமுறையும் இன்றி இருந்தனர். 1908 பிப்ரவரி 27இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ.உ.சி., சுப்பிரமணிய சிவா முதலியோர் துணைநின்றனர். மார்ச் முதல் வாரத்திற்குப் பின் கூலி உயர்வும், வேலை நேரக் குறைப்பும், ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. வேலை என்பது எத்தகைய வேலை என்று கேட்க, அதனைச் செய்பவர் வாய் திறக்க வேண்டியிருந்தது. ஆலை நிர்வாகம் தானாக அந்தக் கணக்கை எடுத்திருக்குமா?

இந்தக் கணக்குச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தொழிற்பயிற்சித் திட்டங்களை வட்டாரந்தோறும் கண்காணிக்க, வணிகர்களே பெரும்பான்மையாக உள்ள கவுன்சில்களை அமைத்தது. பயிற்சி பெற்றவருள் எத்தனை பேர் வேலையில் அமர்ந்தனர் என்பதே முக்கிய அளவுகோலாயிற்று. எளிதில் வேலை கிடைக்கக் கூடியவர்களையே பயிற்சிக்குப் பொறுக்கி எடுத்து, உண்மையில் உதவி வேண்டியவர்களை விட்டுவிட்டனர் என்ற குறை அத்திட்டத்தின்மீது பரவலாகக் கூறப்பட்டது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில், வணிகர் பெரும்பான்மை அப்படியே இருக்க, தொழிலாளர் தரப்புக்குக் குறைந்தது நூற்றுக்கு 20 இடம் வைக்கப்பட்டது.

கணக்கைப் பிரித்து வைக்கும் முறையை நமது முத்துக்குளிப்போர் நன்கறிவார்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையிலுள்ள மரிச்சுக்கட்டிக்குத் தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கங்களிலிருந்தும் குளிப்போர் சென்றனர். எடுத்த சிப்பியை அவர்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். எந்தக் குவியல் குளிப்போருக்கு என்பதை அரசாங்க அதிகாரி காட்டுவார். மற்ற இரண்டும் அரசாங்கத்துக்கு. பங்கின் அளவு நியாயமா என்பது வேறு வழக்கு. ஆனால் பிரிப்பவர் ஒருவர், தேர்ந்தெடுப்பவர் வேறொருவர் ஆனமையால், குவியலில் ஏமாற்ற இடமில்லாமற் போயிற்று. திட்டத்தை நடத்துபவரே அதன் வேலைக் கணக்கையும் எழுதுவாராயின், மூன்று குவியலையும் பிரித்தவரே தேர்ந்தெடுத்தது போலாகும்.

இன்றைய நிலை என்ன? 1974இல் பெருந்துறைமுகமான தூத்துக்குடித் துறைமுகத்தை, 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த டிரஸ்டிகள் போர்டு நடத்தி வந்தது. கப்பல் உடைமையாளரும் சரக்கனுப்புவோரும் தொழிலாளர் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற்றனர். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சிறிய போர்டில் தொழிலாளர் நலனுக்கு இரண்டு இடங்கள் உள்ளன. பருத்தி விளைவிப்பவருக்கோ நெசவாளருக்கோ என்று தனி இடம் ஏதுமில்லை. துறைமுகத்தை ஒட்டிய இப்பகுதியில் வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார்த் தொழிற்சாலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. 3,000 முதல் 3,500 வேலைகள் என்று முதலில் அறிவித்தனர். இத்தகைய தொகையைக் கேட்டவுடன் மகிழ்வதும் வேண்டாம், நகைப்பதும் வேண்டாம். பதிவேட்டைக் கேட்க வேண்டும்.

எத்தகைய பதிவேடு? நமது சங்கத்தைத் தணிக்கை செய்யும்போது, நூறு தறிகள் உள்ளதாக எழுதியிருந்தால், பாவு எத்தனை தறிக்குக் கொடுக்கப்பட்டது, கூலி எத்தனை பேருக்குப் பட்டுவாடா ஆயிற்று என்பதையும் ஒத்துப் பார்க்கிறோம். உறங்கும் தறி அங்கே அகப்பட்டுவிடும். அவ்வாறே தொழிற்சாலைக் கணக்கிலும், அறிவித்த வேலை, அமர்த்திய ஆள், ஓராண்டுக்குப் பின்னும் நிலைத்திருக்கும் ஆள் ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். நேரடி நியமனமா கான்டிராக்டர் மூலமா, உள்ளூராரா வெளியூராரா, ஆடவரா பெண்டிரா என்பனவும் அதில் விளங்க வேண்டும். தொழிலதிபர் அக்குழுவுக்குத் தலைமை வகிக்கட்டும்; பதிவேடு அவர் கையில் இருத்தலாகாது.

அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு சங்கமும், தன் அங்கத்தினர் குடும்பங்களில் தொழிற்சாலை வேலைக்குச் சென்றவர் யார், எந்தப் பணியில் அமர்ந்தனர், எத்தனை மாதம் நிலைத்தனர் என்ற பட்டியலைத் தீர்மான நோட்டில் ஏற்றிக்கொள்ளலாம். அதற்கு அரசாங்க உத்தரவு எதுவும் தேவையில்லை. கையில் அப்பட்டியல் இருப்பின், மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கச் செல்லும்போது நாம் வெறுங்கையுடன் நிற்க மாட்டோம்.