நீலகிரியில் பிக்கப்: டயர் முதலில், ஃபோர் வீல் பிறகு

நீலகிரியில் பிக்கப் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது ஃபோர் வீல் டிரைவ் உண்டா என்பதைத்தான். டயரைப் பற்றிய யோசனை பழைய டயர் தேய்ந்த பிறகே வருகிறது. இந்த வரிசை மாற வேண்டும். இந்த மலையில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இறக்கத்தில்தான் இருக்கிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். 2018-இல் நடந்த கோர விபத்துக்குப் பின் வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கத் தடை வந்தது. ஃபோர் வீல் டிரைவ் எஞ்சினின் இழுவையை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். பிரேக்கோ எல்லா வண்டியிலும் ஏற்கெனவே நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. பிரேக்கை மிதித்தபின் ஈரத் தார்ச்சாலையில் வண்டி எங்கே போய் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பு. அதனால் கையில் இருக்கும் பணம் முதலில் டயருக்குத்தான் போக வேண்டும்.

டயரில் மூன்று வகை. சாலை டயர் (ஹெச்.டி.) தார்ச்சாலையில் அமைதியாக ஓடும், ஈரத்தில் நன்றாக நிற்கும், டீசலும் மிச்சம். ஆனால் மழையில் நனைந்த எஸ்டேட் செம்மண், களிபோல அதன் குறுகிய வரிகளில் அப்பிக்கொள்ளும்; சில சுற்றுகளிலேயே டயர் வழவழப்பாகி வண்டி வழுக்கும். பட்டன் டயர் (எம்.டி.) என்கிற சேற்று டயரின் அகன்ற இடைவெளிகள் சுழலும்போதே சேற்றை உதறித் தள்ளும். அந்த இடைவெளிகளாலேயே தார்ச்சாலையில் படும் ரப்பர் குறைவு. மழையில் குன்னூர் மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஏ.டி. டயர். குன்னூரிலோ கோத்தகிரியிலோ தேயிலைக் கொழுந்து ஏற்றும் பிக்கப் சில கிலோமீட்டர் மண்பாதையில் போய், மீதி தூரத்தைத் தாரில்தான் ஓடுகிறது. அதற்கு ஏ.டி. போதும். ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் என்று தாரிலேயே காய்கறி ஏற்றி ஓடும் வண்டிக்கு நல்ல சாலை டயரே சரி. நாள் முழுவதும் தோட்டத்துக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு மட்டும் பட்டன் டயர்.

ஏ.டி. விலை கூட, சத்தமும் உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் பிடிப்பில்லாத டயரில் ஒரே ஒருமுறை சறுக்கினாலும் ஆகும் செலவு அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். பெரிய அளவு டயர் மாட்டினால் வண்டி நன்றாக ஏறும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. நடப்பது நேர்மாறு. சக்கரம் பெரிதானால் எஞ்சினின் இழுவை குறையும். இறக்கத்தில் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலுவும் குறையும். கம்பெனி சொன்ன அளவையும் பாரம் தாங்கும் குறியீட்டையும் மாற்றக் கூடாது. சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை தேய்ந்த டயரை அனுமதிக்கிறது. மலைக்கு அது போதாது. 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது. மாற்றும் காலமும் முக்கியம். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழைதான் கனமழை என்பதால் மே மாதத்திலேயே மாற்றுங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழைக்குச் செப்டம்பரில் மாற்றலாம்.

இனி ஃபோர் வீல். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்களில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போடும் அமைப்பு. அதைப் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டப்படும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை. ஸ்டியரிங் இறுகும், டயர் கீச்சிடும், பற்சக்கரங்கள் முறுக்கேறி ஃபோர் வீலை எடுக்க வராமல் சிக்கிக்கொள்ளும். நேராகச் சில அடி பின்னால் எடுத்தால்தான் விடுபடும். கொண்டை ஊசி வளைவுகளில் இதையே தொடர்ந்து செய்தால் டயரும் போகும், கியர் பெட்டியும் போகும். எனவே தார்ச்சாலையில் இரண்டு சக்கர ஓட்டம்தான். மழைநாளில் ஃபோர் வீல் கூடுதல் பாதுகாப்பு ஆகாதா என்று கேட்கலாம். தாரில் வெறும் ஈரம் மட்டும் இருந்தால் அது தேவையில்லை. வேகத்தைக் குறைப்பதே பாதுகாப்பு. மண் சரிந்து சாலையை மூடிய இடத்தில் போடுங்கள், தாண்டியதும் எடுத்துவிடுங்கள்.

ஃபோர் வீலின் பெரிய பயன் பலர் நினைப்பதுபோல ஏற்றத்தில் மட்டும் இல்லை. கொழுந்து எடுக்கக் காலியாக இறங்கும் பிக்கப்பை எண்ணிப் பாருங்கள். பின்பக்கம் எடையில்லை; இறக்கத்தில் இருக்கிற எடையும் முன்னால் சாய்கிறது. இரண்டு சக்கர ஓட்டத்தில், கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பிடி முழுவதும் அந்த லேசான பின்சக்கரங்களுக்கே போவதால், ஈரச் செம்மண்ணில் அவை வழுக்கி வண்டியின் பின்பக்கம் திரும்பிவிடும். ஃபோர் வீலின் தாழ்ந்த கியர் நிலையான ஃபோர்-லோ போட்டால் அந்தப் பிடி நான்கு சக்கரங்களுக்கும் பிரிகிறது. கியரும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு தாழ்கிறது. முதல் கியரில் பிரேக்கை அதிகம் தொடாமல் நடைவேகத்தில் இறங்கலாம். பழைய ஓட்டுநர்கள் ஃபோர் வீல் இல்லாமலே இறங்கினார்களே என்றால், அவர்கள் ஏறிய கியரிலேயே இறங்கினார்கள், மெதுவாக இறங்கினார்கள். ஃபோர்-லோ அந்த ஒழுக்கத்துக்குத் துணை நிற்கும், மாற்றாகாது.

ஆக, மழைக்காலத்தில் செங்குத்தான மண்பாதையில் தினமும் இறங்கி ஏறுகிறவர் ஃபோர் வீல் வாங்கட்டும். நான்கு டயரும் ஒரே அளவாக, ஒரே தேய்மானத்தில் இருக்கும்படியும் பார்த்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் அந்தக் கூடுதல் பணத்தில் நல்ல டயரை வாங்கி, குளிர்ந்த நிலையில் காற்றைச் சரிபார்த்து, பிரேக்கையும் ஒழுங்காகப் பராமரித்தால் போதும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் தயங்காமல் டயரைத் தேர்ந்தெடுங்கள்.