மெஷின் எப்போது வரும்?

பிட்காயின் மைனிங் மெஷின் விற்பவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?" அதற்கு விற்பவரின் தயவு தேவையில்லை, நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு அது. அவரிடம் கேட்க வேண்டியது வேறு. மெஷின் எந்தத் தேதியில் கைக்கு வரும்? வராவிட்டால் நஷ்டம் யாருக்கு?

பட்டர்ஃபிளை லேப்ஸ் கதை தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியை மறக்க மாட்டார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இயங்கிய அந்த நிறுவனம் 2012-இல் பிட்காயின் மெஷின்களுக்கு முன்பதிவு வாங்கத் தொடங்கியது. விலை 149 டாலரில் தொடங்கி 29,899 டாலர் வரை, முழுப் பணமும் முன்கூட்டியே. 2013 செப்டம்பரில் 20,000-க்கும் மேற்பட்டோர் பணம் கட்டிவிட்டுக் காத்துக்கிடந்தார்கள் என்று, 2014-இல் வழக்குத் தொடுத்த அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் சொன்னது. வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய மெஷினை அனுப்பும் முன் நிறுவனமே ஓட்டிக் காசு பார்த்தது என்பதும் குற்றச்சாட்டு. 2016-இல் சமரசம் ஆனது. 3.86 கோடி டாலர் தீர்ப்பு, ஆனால் பெரும்பகுதி நிறுத்திவைக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அது லெட்டர்பேடு நிறுவனம் இல்லை என்பதுதான். அலுவலகம் இருந்தது, ஊழியர்கள் இருந்தார்கள், மெஷினும் இருந்தது. இல்லாமல் போனது நேரம். பிட்காயின் வலையமைப்பு 2,016 பிளாக்குக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தன் டிஃபிகல்ட்டியை, அதாவது காசு எடுப்பதன் கடினத்தை, மாற்றிக்கொள்ளும். 2013-ஆம் ஆண்டில் மட்டும் அது 300 மடங்குக்கு மேல் ஏறியது. ஜனவரியில் தங்கமாக இருந்த மெஷின் டிசம்பரில் கைக்கு வந்தால் அறையைச் சூடாக்கத்தான் உதவும். ஆகவே இந்தத் தொழிலில் தாமதத்தைச் சின்னக் குறையாக எண்ண வேண்டாம்.

ஏமாற்றும் எண்ணம் இல்லாதவரிடமும் பணம் போகும். டெக்சாஸின் காயின்டெர்ரா 2015-லும், ஸ்டாக்ஹோமின் கேஎன்சி மைனர் 2016-லும் திவாலாயின. முன்பணம் கட்டியிருப்பவர் அப்படிப்பட்ட நேரத்தில் கடன்காரர் வரிசையில் பெரும்பாலும் பின்னால்தான் நிற்பார். என் கருத்து கறாரானது: முதல்முறை வாங்குபவர் முன்பதிவுப் பக்கமே போக வேண்டாம். கையிருப்பில் உள்ள மெஷினை, சீரியல் நம்பரோடு காட்டச் சொல்லி வாங்குங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஆன்ட்மைனர் எஸ்21 வினாடிக்கு 200 டெராஹாஷ், 3,500 வாட். நாள் முழுக்க ஓடினால் 84 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 672 ரூபாய் மின்சாரத்துக்கே போகிறது. வரவு? வெகுமதி பாதியான 2024 ஏப்ரல் ஹாவிங்குக்குப் பின் ஒரு பிளாக்குக்கு 3.125 பிட்காயின், நாளுக்குச் சுமார் 144 பிளாக், ஆக 450 பிட்காயின். உலகம் முழுக்க ஓடும் வேகம் 1,000 எக்ஸாஹாஷ் என்று வைத்தால் உங்கள் பங்கு 0.00009 பிட்காயின். பிட்காயின் ஒரு லட்சம் டாலர், டாலர் 88 ரூபாய் என்று கொண்டால் சுமார் 790 ரூபாய். மிச்சம் சுமார் 120 ரூபாய்தான். அதிலும் பலர் சேர்ந்து மைனிங் செய்யும் பூலின் கட்டணம் இருக்கிறது, வரி இருக்கிறது. மைனிங் கட்டமைப்புக்கு ஆகும் செலவைக் கொள்முதல் விலையாகக் கழிக்க முடியாது என்று 2022 மார்ச்சில் மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. விலைகளை அன்றைய நிலவரத்துக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். விற்பவர் சொல்லும் தொகை உங்கள் கணக்கைப் போல மூன்று மடங்கு இருந்தால், மேற்கொண்டு விசாரிக்க ஒன்றுமில்லை.

பொய் பெரும்பாலும் மின்சாரக் கணக்கில்தான் ஒளிந்திருக்கும். எஸ்21 ஒரு டெராஹாஷுக்கு 17.5 ஜூல் எடுக்கிறது. 2024-இல் வந்த எஸ்21 எக்ஸ்பி 13.5. பெயரே கேள்விப்படாத கம்பெனி ஒன்று, மேசைமேல் சத்தமில்லாமல் நிற்கும் பெட்டியில் இதைவிடப் பத்து மடங்கு சிக்கனம் என்றால் அது நடக்காத காரியம். இந்தச் சிப்புகளைச் செய்து தரக்கூடிய ஆலைகள் டிஎஸ்எம்சி, சாம்சங் என்று உலகில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒரு சிப்பை வடிவமைத்து அச்சுக்கு அனுப்பவே பல பத்து லட்சம் டாலர் வேண்டும். உண்மையான மெஷின் எழுபது டெசிபலுக்கு மேல் இரைந்துகொண்டு ஓடும், வீட்டில் வைத்தால் அண்டை வீட்டுக்காரர் மறுநாளே வந்துவிடுவார்.

விற்பவரின் இணையதளத்தைப் பார்க்கையில் டொமைன் பதிவான தேதியைப் பாருங்கள். பத்தாண்டு அனுபவம் என்கிறவரின் டொமைன் மூன்று மாதக் குழந்தையாக இருக்கும். பிட்மெயின், மைக்ரோபிடி, கனான் என்ற உற்பத்தியாளர்களின் பெயர்களில் ஓரெழுத்து மாற்றிய போலித் தளங்கள் உண்டு, முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள். இந்திய விற்பனையாளர் என்றால் ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பெயரும் முகவரியும் பொருந்துகிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

இதையெல்லாம்விட வலுவான சோதனை ஒன்று உண்டு. ஏதாவது ஒரு பூலில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, "என் மெஷினை ஒரு நாள் முழுக்க என் கணக்கில் ஓட்டிக் காட்டுங்கள், பிறகு பணம்" என்று கேளுங்கள். மெஷின் வைத்திருப்பவருக்கு இது பெரிய சிரமம் இல்லை, அந்த ஒரு நாள் வருமானத்தைக்கூட நீங்கள் அவருக்கே கொடுத்துவிடலாம். இல்லாதவர் கோபப்படுவார், அல்லது கம்பெனி விதியைக் காட்டுவார். கெட்டிக்கார மோசடிக்காரர் நைஸ்ஹாஷ் என்ற வாடகைச் சந்தையில் வேகத்தை வாடகைக்கு எடுத்து உங்கள் கணக்கில் காட்டிவிட முடியும். எனவே கூடவே வீடியோ காலும் வேண்டும்: சீரியல் நம்பர், நீங்கள் அந்த நிமிடம் சொல்லும் ஒரு சொல்லை எழுதிய தாள், மெஷினை அணைத்ததும் உங்கள் பூல் திரையில் சில நிமிடங்களில் விழும் வேகம்.

பழைய மெஷினுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. சிப்புகள் பொருத்திய மூன்று ஹாஷ்போர்டும் ஓடுகிறதா, லாகில் சிப் எண்ணிக்கை முழுசா என்று பாருங்கள். எஸ்9 என்றால் போர்டுக்கு 63 வர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உற்பத்தியாளர் தளத்திலிருந்து ஃபர்ம்வேரை எடுத்துப் புதிதாக ஏற்றுங்கள். உங்கள் மின்சாரத்தில் பழைய முதலாளிக்குக் கொஞ்சம் சம்பாதித்துக் கொடுக்கும் ஃபர்ம்வேர்களும் இருக்கின்றன.

கிரிப்டோவில் பணம் கேட்பதாலேயே ஒருவர் மோசடிக்காரர் ஆகிவிட மாட்டார், நல்ல உற்பத்தியாளர்களும் அப்படி வாங்குவதுண்டு. ஆனால் போன பணம் திரும்பாது என்பதால், அறிமுகமில்லாதவரிடம் அந்த வழி வேண்டாம். அலிபாபா போன்ற தளத்தில் பேச்சைத் தொடங்கி, வாட்ஸ்அப்புக்கு இழுத்து, "வெளியே கட்டினால் ஐந்து சதவீதம் குறைவு" என்கிறவர் தளத்தின் பாதுகாப்பிலிருந்து உங்களை வெளியே கூட்டிப் போகிறார்.

"மெஷினை எங்கள் பண்ணையிலேயே வைக்கிறோம், மாதாமாதம் பணம் வரும்" என்பது அடுத்த வகை. எஸ்டோனியாவின் ஹாஷ்ஃபிளேர் இப்படித்தான் திரையில் எண்களைக் காட்டியது. அதற்குப் பின்னால் போதுமான மெஷினே இல்லை, 2025-இல் நடத்தியவர்கள் இருவரும் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டின் கெயின்பிட்காயின் திட்டமும் இந்த வகைதான், மாதம் பத்து சதவீதம், 18 மாதம் என்று வாக்களித்தது. ஆகவே வருமானம் உங்கள் பூல் கணக்குக்கு நேராக வர வேண்டும், கேட்ட நாளில் மெஷினைத் தூக்கிவரும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது மெஷின் வியாபாரம் இல்லை.

வேலை தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. "மாவட்ட டீலர்", "ஏரியா மேனேஜர்" என்று கமிஷன் வேலை வரும். முதல் வாடிக்கையாளர்கள் உங்கள் மாமாவும் பழைய வகுப்புத் தோழனுமாக இருப்பார்கள். கம்பெனி மறைந்தபின் வீட்டு வாசலில் நிற்பவர்களுக்கு உங்கள் முகம் மட்டும்தான் தெரியும். போலீஸ் புகாரிலும் உங்கள் பெயர்தான் முதலில் வரும். சேரும் முன் கிடங்கைப் பார்க்கக் கேளுங்கள், ஜிஎஸ்டி பில் யார் பெயரில் போகிறது என்று கேளுங்கள், சம்பளம் விற்ற மெஷினுக்கா சேர்த்த ஆளுக்கா என்று கேளுங்கள்.

பணம் போய்விட்டால் அன்றே 1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதியுங்கள். பரிவர்த்தனை எண், வாலட் முகவரி, உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். சில நாளில், போன பணத்தை மீட்டுத் தருவதாக ஒருவர் தானாகவே தொடர்புகொள்வார், சிறு கட்டணமும் கேட்பார். உங்கள் எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள்.