லைம் சோடாவோடு ஒரு வியாழக்கிழமை

அன்புள்ள மருமகனுக்கு,

உன் செய்தி பார்த்தேன். ஆபீஸில் எல்லாரும் வியாழக்கிழமை சாயங்காலம் லண்டனில் லேம்ஸ் காண்டுவிட் தெருவில் இருக்கிற ‘தி லேம்’ என்ற பப்புக்குப் போகிறார்கள். நீ மட்டும் வாரா வாரம் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு ரூமுக்குத் திரும்பிவிடுகிறாய். கைவசம் இருந்த சாக்கெல்லாம் தீர்ந்துபோனதால் அத்தையிடம் புதிதாக ஒன்று கேட்கிறாய். என்னிடம் சாக்கு இல்லையடா. போய் உட்கார் என்றுதான் சொல்வேன். குடிக்கச் சொல்லவில்லை, போகச் சொல்கிறேன். உங்க அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பார் என்றதும் உன் மனசில் வருவது டாஸ்மாக் பக்கத்துத் தகரக் கொட்டகை என்று எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருகிற ஆட்கள். லேம் அப்படிப்பட்ட இடம் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் ஒரு பெரியவர் அரை பைண்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேப்பர் படிப்பார். மேஜைக்கு அடியில் ஒரு நாய் படுத்திருக்கும். பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்த காலத்தில் டூட்டி முடிந்து வார்டு ஆட்களோடு நானும் அங்கே போவேன். லைம் கார்டியலும் சோடாவும் கலந்து ஒரு கிளாஸ். என்ன இது, ஏன் இது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அந்தப் பயம் நம் தலைக்குள் இருப்பதுதான்.

முதல் தடவை கூட்டத்தோடு போகாதே. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தனியாகப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வா. கட்டடம் 1720-களைச் சேர்ந்தது. உள்ளே இருப்பது விக்டோரியா காலத்து வேலைப்பாடு. முகப்பில் பச்சை நிற ஓடுகள் பதித்திருக்கும். நடுவில் லாடம்போல் வளைந்த மரக் கவுன்டர். சுவரில் அந்தக் கால மியூசிக் ஹால் நடிகர், நடிகைகளின் படங்கள். பாலிஃபோன் என்று ஒரு பெட்டியும் உண்டு. துளையிட்ட பெரிய உலோகத் தட்டு சுற்றச் சுற்ற உள்ளே சீப்பு மாதிரி இருக்கும் பற்களைத் தட்டி இசை வரும். கிராமபோன் பரவுவதற்கு முந்தைய சமாச்சாரம். தெருவின் பெயருக்கும் கதை இருக்கிறது. 1577-இல் வில்லியம் லேம் என்பவர் பழுதாகிக் கிடந்த தண்ணீர்க் கால்வாயைத் தன் செலவில் சீராக்கிக் கொடுத்தார். ஏழைப் பெண்கள் தண்ணீர் சுமந்து பிழைக்கட்டும் என்று 120 வாளிகளும் கொடுத்தாராம். ஊருக்குத் தண்ணீர் தந்த புண்ணியவான் பெயர் போயும் போயும் பீர்க்கடைக்கு!

நீ முக்கியமாகப் பார்க்கவேண்டியது கவுன்டருக்கு மேலே இருக்கிற கண்ணாடித் திரைகளை. ஆள் நின்றால் சரியாக முகத்துக்கு நேரே வரும். மரச் சட்டத்தில் சின்னச் சின்னப் பலகணிகள், பூவேலை செதுக்கிய மங்கலான கண்ணாடி, ஒவ்வொன்றும் நடு அச்சில் சுழலும். கதவைத் திருப்பினால் கவுன்டர்க்காரரின் முகம் தெரியும், கேட்டதைத் தருவார். மறுபடி மூடிக்கொண்டால் அவருக்கும் நீ தெரியமாட்டாய், எதிர்ப்பக்கம் நிற்கிறவர்களுக்கும் தெரியமாட்டாய். இதற்கு ஸ்னாப் ஸ்கிரீன் என்று பெயர். கூலிக்காரன் கண்ணில் படாமல் குடிக்க நினைத்த கனவான்களுக்காகச் செய்தது. லண்டனில் ஒரு காலத்தில் எங்கும் இருந்தது, இன்றைக்கு விரல்விட்டு எண்ணுகிற இடங்களில்தான் மிச்சம். கையால் ஒருமுறை சுழற்றிப் பார், மெதுவாக. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அதைப் பார்த்த கையோடு ஹை ஹோல்பர்ன் வரை நடந்து ‘பிரின்சஸ் லூயிஸ்’ பப்புக்கும் போய்வா. பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். 1872-இல் கட்டியது, 1891-இல் உள்ளே முழுக்க மாற்றி அலங்கரித்தார்கள். ஓடு, செதுக்கிய கண்ணாடி, மஹோகனி மரம், கூரை என்று கண் கூசும். விருந்தினரைக் கூட்டிப்போய்க் காட்ட அதுதான். ஆனால் உட்கார்ந்து பேச எனக்கு லேம்தான் பிடிக்கும். அலங்காரத்தைவிட அங்கே கவனிக்கவேண்டியது தடுப்புகள். பின்னாளில் எடுத்துவிட்டிருந்த மரத் தடுப்புகளை 2008 வாக்கில் பழையபடி செய்து வைத்தார்கள். ஒரே கவுன்டரைச் சுற்றிப் பல குட்டி அறைகள், ஒன்றில் இருப்பவர் அடுத்ததில் இருப்பவரைப் பார்க்கமுடியாது.

ஏன் அப்படி என்றால், அந்தக் காலத்துப் பப் ஒரே கூரைக்குக் கீழே பல கடைகள். பப்ளிக் பாரில் வெறும் பலகைத் தரை, உழைக்கிற ஆட்கள். சலூன் பாரில் விரிப்பு, மெத்தை வைத்த இருக்கை, அதே பீருக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. பெண்கள் ஒதுங்கி உட்கார ஸ்னக் என்று ஒரு சின்ன அறை. வீட்டுக்கு வாங்கிப்போக ஒரு தனிச் சன்னல், அங்கே கூஜாவோடு வந்து நிற்பது பெரும்பாலும் பிள்ளைகள். வழியில் பிள்ளைகள் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார்கள் என்று புகார் வந்து, 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மூடி முத்திரை வைத்த பாத்திரத்தில்தான் தரவேண்டும் என்று 1901-இல் சட்டமே போட்டார்கள். அன்றைக்கு லைசென்ஸ் தந்த மாஜிஸ்திரேட்டுகளுக்கு இந்தத் தடுப்புகளே ஆகாது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியவேண்டும் என்பது அவர்கள் கட்சி. பிறகு கடைக்காரர்களுக்கும் ஒரே பெரிய ஹால்தான் வசதி என்று பட்டது. சுவர்கள் ஒவ்வொன்றாகப் போயின.

நம் ஊரில் டீக்கடையில் தனி டம்ளர் வைத்த கதையை நீ வாசித்திருப்பாய். அதையும் இதையும் ஒன்றாக வைக்க நான் தயாராக இல்லை. பப்பில் காசும் சட்டையும் இருந்தால் சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு போக முடிந்தது. டீக்கடையில் என்ன இருந்தாலும் முடியவில்லை. ஆனாலும் யார் யாரைப் பார்க்கலாம் என்பதற்கு ஆசாரியை வைத்துக் கணக்காக மரவேலை செய்திருக்கிறார்கள் பார், அது யோசிக்கவேண்டிய விஷயம்.

பெண்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. ஃப்ளீட் தெருவில் எல் வினோ என்று பத்திரிகைக்காரர்களும் வக்கீல்களும் கூடுகிற ஒயின் பார் ஒன்று இருந்தது. ஆண்கள் கவுன்டரில் நின்று குடிப்பார்கள், பெண்கள் பின்னறையில் உட்காரவேண்டும், அங்கேதான் கொண்டுவந்து தருவார்கள். 1975-லேயே பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தும் இது நடந்துகொண்டிருந்தது. டெஸ் கில் என்ற வக்கீலும் ஆனா கூட் என்ற பத்திரிகையாளரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1982-இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். நான் லண்டன் போன புதிது அது. வார்டில் அன்றைக்கு ஒரே பேச்சு. அதற்குப் பிறகு கவுன்டரில் நின்று லைம் சோடா கேட்கும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரத்தான் செய்தது.

இனி நடைமுறை. மேஜையில் உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருக்காதே. சாப்பாட்டுக்கு வேண்டுமானால் வருவார்கள், குடிப்பதற்கு நீதான் கவுன்டருக்குப் போகவேண்டும். வரிசை இருக்காது, ஆனால் யார் முன்னால் வந்தார்கள் என்பது கவுன்டர்க்காரருக்குத் தெரியும். நோட்டை ஆட்டுவது, விரல் சொடுக்குவது எல்லாம் வேண்டாம். அவர் கண்ணைப் பார்த்து நில், முறை வரும். உனக்கு முன்னால் வந்தவர் பக்கத்தில் இருந்தால், “இவர்தான் முதலில்” என்று சொல்லிவிடு. அந்த ஊரில் நல்ல பெயர் வாங்க அவ்வளவு போதும். காசை அங்கேயே அப்போதே கொடுத்துவிடு, டிப்ஸ் வைக்கிற பழக்கம் இல்லை. உனக்கு வயது குறைவாகத் தெரியும், அதனால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சட்டப்படி 18 நிறைந்தால் போதும் என்றாலும் 25-க்குக் கீழே தெரிந்தால் கேட்பார்கள். கோபித்துக்கொள்ளாதே.

ரவுண்டு என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுந்தால் கூட இருக்கிற எல்லாருக்கும் வாங்கிவருவார், அடுத்த தடவை அடுத்தவர். உன் சோடா மலிவு, அவர்கள் பீர் விலை அதிகம் என்று கணக்குப் போட்டு விலகி நிற்காதே. உன் முறை வரும்போது எழுந்து போ. நீ குடிக்காதது யாருக்கும் உறுத்தாது, வாங்காதது உறுத்தும். சம்பளம் கட்டுப்படியாகாது என்றால் மூன்று நான்கு பேர் உள்ள மேஜையாகப் பார்த்து உட்கார். பத்துப் பேர் கூட்டத்தில் மாட்டினால் பர்ஸ் காலி.

யாராவது ஒருவர் உனக்கு பீர் பாடம் எடுப்பார். கேட்டுக்கொள், கேட்கத் தகுந்ததுதான். நிலவறையில் பீப்பாயில் கிடந்து பக்குவமாகிற பீரைக் கைப்பிடி வைத்த பம்பால் இழுத்து ஊற்றுகிறார்கள். 12 டிகிரி அளவில் இருக்கும். வெள்ளைக்காரன் சூடான பீர் குடிக்கிறான் என்று நம் ஆட்கள் சிரிப்பது இதைத்தான். பெரிய கம்பெனிகளின் வாயு அடைத்த பீர் வந்து இது அழியப்போகிறது என்று 1971-இல் காம்ரா என்று ஒரு சங்கம் கட்டினார்கள், பழைய பப்புகளின் உள்ளமைப்புக்குப் பட்டியல் போட்டுக் காப்பாற்றுவதும் அவர்கள்தான். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இந்தப் பீப்பாய் பீரைத் தெளியவைக்கப் பெரும்பாலும் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற பசையைப் போடுவார்கள். “ஒரு வாய் குடித்துப் பார், சைவம்தானே” என்று யாராவது நீட்டினால் இதைச் சொல். மேஜையே பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேசும், உன்னை விட்டுவிடுவார்கள்.

போனை எடுத்து எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருக்காதே. செவ்வாய்க்கிழமை தனியாகப் போகிறாய் அல்லவா, லேமில் கேட்டுக்கொண்டு அப்போது எடு. பிரின்சஸ் லூயிஸில் அதுவும் வேண்டாம். அதை நடத்துகிற சாமுவேல் ஸ்மித் கம்பெனிக்கு பாட்டும் ஆகாது, டிவியும் ஆகாது, போனும் ஆகாது.

எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பது உன் இஷ்டம். கடைசியில் மணி அடிப்பார்கள், அதுவரை இருக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. உன் முறை ரவுண்டு வாங்கி முடித்த பிறகு, எட்டு மணி வாக்கில், கிளாஸைக் கவுன்டரில் கொண்டுபோய் வை. “சரி, நாளைக்குப் பார்க்கலாம்” என்று சொல். ரஸ்ஸல் ஸ்கொயரில் பிக்கடில்லி லைனைப் பிடித்து வீட்டுக்குப் போ. ஏன் சீக்கிரம் கிளம்புகிறாய் என்பதற்கு விளக்கம் எதுவும் கொடுக்காதே, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

உன் அத்தை