உடம்பு நன்றாக இருக்கிறது, மாத்திரை எதற்கு?

இந்த நோய் பலருக்குத் தற்செயலாகத்தான் தெரியவரும். ஹெர்னியா ஆபரேஷனுக்காக ரத்தம் கொடுத்திருப்பார்கள். வெள்ளை அணுக்கள் ஒன்றரை லட்சம் என்று ரிப்போர்ட் வரும். சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரைதான் இருக்க வேண்டும். லேப்காரர் தப்பாக எழுதிவிட்டார் என்று இன்னொரு லேபுக்கு ஓடினால், அங்கேயும் அதே கதை! கடைசியில் டாக்டர் 'சி.எம்.எல்.' என்பார். நாட்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோய்.

முதல் வாரம் குடும்பமே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும். அடுத்த வாரமே பேச்சு மாறும். "நல்லாத்தானே சாப்பிடறாரு, தூங்கறாரு... ஆயுசு பூரா எதுக்கு மாத்திரை?" நியாயமான கேள்விதான். பதில் எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது.

அங்கே ஒரு செல்லில் 9-வது, 22-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இப்படிப் பிறந்த கோளாறான குரோமோசோம் 1960-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் கண்டறியப்பட்டது. அதனால் அந்த ஊர்ப் பெயர். 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் உத்தரவு போடுவது இதுதான். ஆரம்பத்தில் உடம்பு தாங்கிக்கொள்ளும். சிகிச்சையில்லாமல் விட்டால், சில வருடங்களில் கட்டுக்கடங்காத கடும் புற்றுநோயாக மாறிவிடும். இது தொற்றாது, பரம்பரையாகவும் வராது. வீட்டில் கல்யாண வயதில் பெண் இருந்தால், இதைச் சம்பந்தி வீட்டாரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

2001-ல் வந்த இமாடினிப் மாத்திரை அந்த உத்தரவையே அடக்குகிறது. அதை எடுத்துக்கொண்டவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வில், நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள்.

"விலை?" இதன் காப்புரிமை மனுவைச் சென்னை அலுவலகம் 2006-ல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. அப்போது வெளிநாட்டுக் கம்பெனி மாத்திரை மாதம் சுமார் ரூ.1,20,000, இந்தியத் தயாரிப்பு ரூ.10,000-க்குள். இப்போது இன்னும் குறைந்திருக்கிறது. ஓரிக்கைக்காரர்கள் சென்னைக்கு அலைய வேண்டுமா என்று கேட்டால், முதலில் காஞ்சிபுரம் காரப்பேட்டைக்குப் போங்கள். 1969-ல் புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரில், அவர் பிறந்த ஊரிலேயே உள்ள அரசு புற்றுநோய் மருத்துவமனை அது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போய் விசாரியுங்கள்.

அடுத்த பயம் பக்கவிளைவு. குமட்டல், கண்ணைச் சுற்றி வீக்கம், தோல் வெளுப்பது, தசைப்பிடிப்பு எல்லாம் வரலாம். குழித்தறியில் நாள் முழுக்கக் கால் மிதிப்பவருக்குக் கெண்டைக்காலில் பிடித்தால் லேசான தொல்லையா? டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், வேறு மாத்திரையும் உண்டு. சொல்லாமல் நீங்களாகவே நிறுத்துவதுதான் ஆபத்து. வயிற்றுக் குமட்டலுக்கு, சாப்பாட்டோடு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் விழுங்கிப் பாருங்கள். பஸ்பம், செந்தூரம் சாப்பிடுகிறீர்களா? மறைக்காதீர்கள், டாக்டர் திட்டினாலும் பரவாயில்லை. குழந்தைக்கு ஆசைப்படும் பெண்கள் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். கர்ப்பத்தில் இந்த மாத்திரை கூடாது.

சில வாரங்களிலேயே ரத்த எண்ணிக்கை இறங்கிவிடும். "சரியாப் போச்சு" என்று பலர் மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பிப்பது அப்போதுதான். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனை 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. நோயின் தடயம் ஆறு ஆண்டுகளில் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும் வாய்ப்பு, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு நூற்றுக்கு 94. பத்து நாளுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ விட்டவர்களுக்கு வெறும் 28! மாதத்துக்கு மூன்று மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள்.

நிறுத்தவே முடியாதா? சிலருக்கு முடியும். பல வருடம் நோய்த் தடயம் அறவே அடங்கியிருந்தால், டாக்டர் மேற்பார்வையில் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் திரும்புவதில்லை. திரும்பினவர்களுக்கும் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தால் பொதுவாக அடங்கிவிடுகிறது. இதையெல்லாம் சாதாரண ரத்தப் பரிசோதனை காட்டாது, அதற்கு பி.சி.ஆர். டெஸ்ட் வேண்டும். ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கூடுமானவரை ஒரே லேபில் எடுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஃபைலில் போட்டுக் கொண்டுபோங்கள்.